படம் எடுப்பது பாதி வேலைதான்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு கமராக்காரனின் குறிப்புகள்

2005 ஜனவரி. சுனாமி வந்து மூன்று வாரம் கூட ஆகவில்லை. நான் வேலை செய்த ஸ்டூடியோ கல்முனை பிரதான வீதியில் இருந்ததால் தப்பியிருந்தது. கதவைத் திறந்த முதல் நாளே வாசலில் ஆட்கள் நின்றார்கள். யாரும் படம் எடுக்க வரவில்லை. எல்லோரும் பழைய படம் தேடி வந்திருந்தார்கள்.

அவர்களில் ஓர் உம்மா கேட்டார்: "தம்பி, எண்ட புள்ளைட ஐடென்டிக் காட் படம் இங்கதான் எடுத்த. அதுட நெகட்டிவ் இரிக்கா?"

சாதாரண தரப் பரீட்சைக்கு முன் அடையாள அட்டை எடுப்பதற்காக 2002இல் எடுத்த படம். வீடும் அல்பமும் கடலோடு போய்விட்டன. பிள்ளையும் போய்விட்டது. நான் உள்ளே போய்த் தேடுவதுபோல் சிறிது நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து, இல்லை என்று சொன்னேன். ஏன் இல்லை என்பதைச் சொல்லவில்லை. 2003 கடைசியில் இடம் போதவில்லை என்று பழைய நெகட்டிவ் உறைகளைப் பின் வளவில் குவித்து எரித்திருந்தோம். தீக்குச்சியைப் பற்றவைத்தவன் நான்தான்.

அந்தப் பேரழிவில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் நெடுக வீடுகளோடு சேர்ந்து முகங்களும் அழிந்தன. இறந்தவரின் முகத்தைப் பார்க்க ஒரு படம்கூட மிஞ்சாத குடும்பங்கள் எத்தனையோ. கமராவை நான் ஒரு தொழிலாக மட்டும் பார்த்தது அந்த வாரத்தோடு முடிந்தது.

புகைப்படத்தோடு வாழ வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர்கள் இன்று எங்கள் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். எந்தக் கமரா வாங்கலாம், எந்த லென்ஸ் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முன்னால் போனவர்கள்

ஜூலியா மார்கரெட் கமரன் 48ஆவது வயதில்தான் கமராவைத் தொட்டார். மகள் கொடுத்த பரிசு அது. பிறகு இங்கிலாந்தின் பெரிய உருவப்படக் கலைஞர்களில் ஒருவரானார். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்தார். களுத்துறைப் பக்கத்து மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் அவர் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே இன்று எஞ்சியுள்ளன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு விஷயம் எனக்கு உறுத்தும். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் பெயர் இருக்கிறது. இங்கே எடுத்தவர்களில் பெரும்பாலானோர் வெறும் 'களுத்துறைக் குடியானவர்கள்' போன்ற தலைப்புகளாக நிற்கிறார்கள். படம் மிஞ்சியது, ஆள் மிஞ்சவில்லை.

லயனல் வென்ட் 1900இல் கொழும்பில் பிறந்தவர். சட்டம் படித்தவர், தேர்ந்த பியானோ கலைஞர். 1930களில் புகைப்படத்துக்குள் முழுதாக இறங்கி, பத்தே ஆண்டுகளில் இலங்கையின் முகத்தைப் புதிதாகக் காட்டினார். '43 குழு ஓவியர்களை ஒன்றுசேர்த்ததிலும் அவருக்குப் பெரிய பங்குண்டு. 1944இல் 44 வயதில் இறந்தார். அவர் இறந்த பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. இன்று நாம் பார்ப்பதெல்லாம் அவர் கையால் போட்ட பிரதிகளும் அவற்றிலிருந்து வந்த புத்தகங்களும்தான்.

ஒருவர் பெயரை எழுதவில்லை, இன்னொருவரின் நெகட்டிவ்கள் பாதுகாக்கப்படவில்லை. பெரிய கலைஞர்களுக்கே இந்தக் கதி என்றால், கல்முனையில் கலியாணப் படம் எடுப்பவனின் பெட்டிக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் வீட்டுக் குப்பையும் யாழ்ப்பாணத்துக் கமராவும்

2020இல் ஒரு படத்தொடர் உலகம் முழுவதும் சுற்றியது. காட்டு யானைகள் கூட்டமாகக் குப்பைமேட்டில் நின்று பொலித்தீன் பைகளைக் கிளறித் தின்கின்றன. இடம், ஒலுவில் பள்ளக்காடு. எடுத்தவர், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்மபாலன் திலக்சன்.

அந்தக் குப்பை வெளியூர்க் குப்பையல்ல. கல்முனை, சம்மாந்துறை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு என்று எங்கள் வீடுகளிலிருந்து போனது. 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு தொடங்கப்பட்ட குப்பை முகாமைத்துவ இடம் அது. சுற்றியிருந்த மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதானது, பிறகு திருத்தப்படவில்லை. 2022 ஜனவரியில் அங்கே மேலும் இரண்டு யானைகள் இறந்து கிடந்தபோது, முந்தைய எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் பிளாஸ்டிக் கழிவைத் தின்று இறந்திருப்பதாகச் சர்வதேசச் செய்தி நிறுவனங்கள் எழுதின. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் இருந்த காட்டு யானைகள் 5,879. அந்தத் தொகையோடு வைத்துப் பார்த்தால்தான் இந்த 20இன் பாரம் புரியும்.

அந்த யானைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஒலுவிலுக்குக் கலியாண வேலைக்குப் போய் வரும்போது, தோளில் கமராப் பை தொங்க, பலமுறை. "யானை குப்பைக்கு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறேன். அது படமாகத் தோன்றவில்லை. தினமும் பார்த்ததால் கண் அதை விட்டுவிட்டது.

அர்ப்பணிப்பு என்று நான் இப்போது சொல்வது இதைத்தான். வேடந்தாங்கலுக்கோ யாலவுக்கோ போவதில் தவறில்லை. ஆனால் நம் வீதி முடிகிற இடத்தில் நடப்பதை மூன்றாம் மாவட்டத்திலிருந்து ஒருவர் வந்து காட்டித் தரும்வரை நாம் காத்திருக்கக் கூடாது.

இந்தக் கரையின் வெளிச்சம்

கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்பி வயலுக்குள் விழுகிறது. சுபஹ் தொழுதுவிட்டுக் கரைக்குப் போனால் கரைவலை இழுக்கும் நேரம் சரியாக இருக்கும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் மணலில் நின்று கடலைப் பார்த்து எடுப்பார்கள். வலை இழுப்பவர்கள் கறுப்பு நிழலாக வருவார்கள். அழகுதான், ஆனால் முகம் இல்லை. தண்டயலிடம் சொல்லிவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று கரையைப் பாருங்கள். இளவெயில் நேராக முகத்தில் விழும். வயது, வியர்வை, சிரிப்பு எல்லாம் தெரியும். நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறோம். சூரியன் மளமளவென்று ஏறிவிடும், மென்மையான வெளிச்சம் அரை மணித்தியாலம் நின்றாலே பெரிது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசியும், வாடைக்காலத்தில் ஈரமும் கமராவுக்கு எதிரிகள். உப்புக்காற்றில் லென்ஸ் மாற்ற வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரமாக்கிய துணியால் உடம்பைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். காற்று புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காது. தோல் பைக்குள் மாதக்கணக்கில் மூடி வைத்த லென்ஸ்தான் முதலில் கெடும்.

சோறும் படமும்

எங்கள் ஊரில் படத்தை மட்டும் நம்பி வாழ்பவருக்குச் சோறு போடுவது கலியாணம்தான். அதை இழிவாக நினைக்க வேண்டாம். இருட்டு மண்டபம், அவசரம், கூட்டம், கோபக்கார மாமாமார் எல்லாவற்றுக்கும் நடுவில் வேலை செய்யக் கற்றுத் தந்தது கலியாண வீடுதான். ஆனால் காசுக்காக எடுக்கும் படம் மட்டும் எடுத்தால் சில வருடங்களில் கை பழகிவிடும், கண் தூங்கிவிடும். நான் வைத்துக்கொண்ட ஒழுங்கு எளிது. வாரத்தில் ஒரு விடியற்காலை யாருக்கும் விற்காத படம். மருதமுனைத் தறி, மாட்டுப்பளைச் சந்தி, கல்முனைச் சந்தை, கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றம் என்று ஒரு விஷயத்தை எடுத்தால் ஒரு வருடமாவது அதிலேயே நிற்பேன்.

கேட்டு எடுப்பது

படம் எடுப்பது கூடுமா கூடாதா என்று மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்ப்பது என் வேலையல்ல. எதிரில் நிற்பவர் வேண்டாம் என்றால் கமரா கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான். பெண்கள் பகுதிக்குப் பெண் படப்பிடிப்பாளரைத்தான் அனுப்புகிறேன். அங்கே எடுத்த எந்தப் படமும் முகநூலுக்குப் போகாது. மையித்து வீட்டில் கமராவைத் திறப்பதில்லை. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் கமராப் பையைத் திறந்து காட்டியவர்கள் நாங்கள். ஒரு படம் தவறான கையில் என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும்.

கேட்டு எடுத்தால் இயல்பு போய்விடும் என்பார்கள். முதல் ஐந்து படம் விறைப்பாக வரும், உண்மைதான். ஆறாவது படத்தில் ஆள் தன் வேலைக்குத் திரும்பிவிடுவார். அதுவரை பொறுப்பதுதான் நம் வேலை.

மீதிப் பாதி

எடுத்த படத்தை வைத்திருப்பது மீதிப் பாதி. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். உலகில் எங்கும் சொல்லப்படும் விதி இது. அந்த 'வேறு ஊர்' ஏன் என்று இந்தக் கரைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. என் ஹார்ட் டிஸ்க் ஒன்று கண்டியில் உறவினர் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு கோப்புறையிலும் திகதி, இடம், ஆட்களின் பெயர் எழுதுகிறேன். நல்ல படங்களைத் தாளில் அச்சிட்டு, எடுக்கப்பட்டவருக்கே ஒன்று கொடுக்கிறேன். கைபேசியில் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குச் சொல்வேன்: போன் தண்ணீரில் விழ சுனாமி வர வேண்டியதில்லை.

ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் வடக்கே கரை அரிக்கப்பட்டு, தென்னைகள் வேரோடு சாய்ந்தன. அங்கே ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், ஒவ்வொரு வருடமும் ஒரு படம் எடுக்கிறேன். தனியாகப் பார்த்தால் எதிலும் விசேஷம் இல்லை. வரிசையாக வைத்தால் கடல் வீட்டுக்கு வருவது தெரியும்.

கடைசியாக அந்த உம்மாவின் கதை. ஆறு மாதம் கழித்து, எரிக்காமல் தவறிப்போன ஒரு பெட்டியில், அவர்களின் உறவுக்காரர் வீட்டுக் கலியாண நெகட்டிவ்கள் கிடைத்தன. மணமகனை நடுவில் வைத்து நான் எடுத்த ஒரு படத்தின் ஓரத்தில், கையில் சர்பத் தட்டோடு அந்தப் பிள்ளை நின்றது. குவியம் சரியில்லை, பாதித் தோள் வெட்டுப்பட்டிருந்தது. தொழில் கணக்கில் அது கழிவுப் படம். பெருப்பித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எரித்தது நான்தான் என்பதையும் அன்று சொன்னேன்.

அவர் நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இரிங்க மகன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

அதன்பிறகு நான் ஒரு படத்தையும் அழித்ததில்லை.