மூளைக்கட்டியின் அறிகுறிகளை மருத்துவம் கற்றுக்கொண்ட வரலாறு

1884 நவம்பர் 25 அன்று லண்டனில் ரிக்மன் காட்லி என்ற அறுவை மருத்துவர், 25 வயது ஸ்காட்லாந்து விவசாயி ஒருவரின் மண்டையோட்டைத் திறந்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. எங்கே திறப்பது என்று குறித்துக் கொடுத்தவர் மருத்துவர் ஹியூஸ் பென்னட். அவர் கையிலிருந்த சான்றுகள் எல்லாம் நோயாளியின் உடலில் தெரிந்தவையே. வலிப்பு முதலில் முகத்தின் இடப்பக்கத்தில் தொடங்கியது. பிறகு இடக்கைக்குப் பரவியது. நாளடைவில் அந்தக் கை வலுவிழந்தது. தலைவலியும் வாந்தியும் சேர்ந்துகொண்டன. பார்வை நரம்பும் வீங்கியிருந்தது. கையையும் முகத்தையும் இயக்கும் வலப்பக்க மூளைப் பகுதியிலேயே கட்டி இருக்க வேண்டும் என்று பென்னட் முடிவுக்கு வந்தார். மூளையின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, அவர் சொன்ன இடத்திலேயே, வால்நட் அளவில் கட்டி இருந்தது. தொற்று ஏற்பட்டு நான்கு வாரங்களில் நோயாளி இறந்துபோனார். ஆனால் கணிப்பில் பிழை இல்லை.

இந்தத் துணிவு ஒரே நாளில் வந்ததன்று. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் வெளியிட்ட ஆப்தல்மாஸ்கோப் கருவி, உயிருள்ளவரின் விழித்திரையைப் பார்க்க வழிசெய்தது. அதைக் கொண்டு வான் கிரேஃபே 1860இல் மூளைக்கட்டி நோயாளிகளிடம் பார்வை நரம்பு வீங்குவதை விவரித்தார். 1861இல் பாரிஸில் புரோக்கா, பேச்சிழப்பை மூளையின் இடது முன்மடலோடு தொடர்புபடுத்தினார். 1870இல் ஃபிரிட்ஷும் ஹிட்ஸிக்கும் நாயின் மூளைப் புறணியை மின்சாரத்தால் தூண்டிக் கால்களை அசைத்துக் காட்டினர். இவர்கள் எல்லாரினும் ஹியூலிங்ஸ் ஜாக்சனின் பங்கே பெரிது என்பது என் கருத்து. வலிப்பு எந்த விரலில், முகத்தின் எந்த மூலையில் தொடங்கி எந்த வரிசையில் பரவுகிறது என்று அவர் பொறுமையாகக் கவனித்தார். நோயாளியின் வாய்மொழியை ஆய்வுச் சான்றாக மதித்தவர் அவர்.

1889இல் ஜாக்சனும் பீவரும் ஒரு சமையல்காரப் பெண்ணின் நோயை விவரித்தனர். வலிப்பு வரும்போதெல்லாம், இல்லாத ஒரு துர்நாற்றத்தை அவர் உணர்ந்தார். மூளையின் வலது டெம்பொரல் (பொட்டுப் பக்க) மடலில் கட்டி இருந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1937இல், அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் ரப்பர் எரியும் நாற்றத்தை உணர்வதாகச் சொன்னார். மேடையில் வாசிக்கையில் கணநேரம் நினைவு தப்பியது. பின்னர் கடும் தலைவலி. ஜூன் மாதம் மருத்துவமனையில் சேர்த்துப் பார்த்து, ஹிஸ்டீரியாவாக இருக்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஜூலை 9 அன்று நினைவிழந்தார். அறுவையில் வலது டெம்பொரல் மடலில் கட்டி இருப்பது தெரிந்தது. ஜூலை 11 அன்று, 38 வயதில், இறந்தார். நூலில் இருந்த அறிவு நோயாளியின் படுக்கைக்கு வந்து சேரவில்லை. வேதனையான உண்மை இது.

இக்கட்டிகளில் மிகக் கொடியதற்கு 1926இல் பெய்லியும் குஷிங்கும் தங்கள் வகைப்பாட்டில் தனி இடம் அளித்தனர். கிளையோபிளாஸ்டோமா என்பது அதன் பெயர். விரிய இடமில்லாத மண்டையோட்டுக்குள் வேகமாக வளர்வதால், அறிகுறிகளும் பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் கூடிவிடுகின்றன. படுத்திருக்கையில் மண்டைக்குள் அழுத்தம் ஏறும். அதனால் தலைவலி விடியலில் கடுமையாகலாம். முன்மடலில் வளரும் கட்டியோ வலியே இல்லாமல் குணத்தை மாற்றும். வீட்டார் அதைச் சோம்பல் என்றோ மனச்சோர்வு என்றோ எண்ணிவிடுவார்கள்.

1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் முதல் நோயாளிக்கு மூளை சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அதன்பின் இடத்தைக் காட்டும் வேலையைப் படம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் யாருக்குப் படம் எடுப்பது என்பதை இன்றும் அறிகுறிதான் முடிவு செய்கிறது. கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளுக்குக் கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மருந்தையும் சேர்த்தால் இடைநிலை ஆயுட்காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகக் கூடுவதை 2005இல் வெளியான ஸ்டப் குழுவின் ஆய்வு காட்டியது. இவ்வளவு குறுகிய காலத்தில் ஒவ்வொரு வாரமும் அருமையானது. நடுவயதில் முதன்முறையாக வலிப்பு வந்தால், வாரத்துக்கு வாரம் தலைவலி கூடினால், பேச்சோ குணமோ மாறினால், எது எப்போது தொடங்கியது என்று எழுதிக்கொண்டு தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள்.