இரத்மலானையின் எல்லைகள்

நகரத்துக்கு அண்மையில் விமான நிலையம் அமைந்திருப்பது பயணிகளுக்குப் பெருவசதியாகும். ஆனால், அந்த அண்மையே பிற்காலத்தில் அந்நிலையத்தின் வளர்ச்சிக்குத் தடையாகவும் வந்து சேரும். கொழும்பின் தெற்கேயுள்ள இரத்மலானையின் வரலாறு இதனைத் தெளிவாக உணர்த்துகின்றது.

தலைநகருக்கு ஒரு விமான நிலையம் வேண்டுமென 1934ஆம் ஆண்டில் அரசாங்க சபை தீர்மானித்தது. 1935 நவம்பர் 27இல் சென்னையிலிருந்து வந்த சிறு விமானமொன்று இரத்மலானையில் முதன்முதலாகத் தரையிறங்கியது. அக்கால விமானங்கள் பாரம் குறைந்தவை. சிறிது தூரம் ஓடியே மேலெழுந்துவிடும். ஆதலால், தெரிந்தெடுத்த நிலம் போதுமானதாகவே தோன்றிற்று.

1942 ஏப்ரல் 5இல் யப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது, அவர்களை எதிர்க்கப் பிரித்தானியப் போர் விமானங்கள் இங்கிருந்து எழுந்தன. 1947 டிசெம்பர் 10இல் எயர் சிலோன் தனது முதற் சேவையை இங்கிருந்தே ஆரம்பித்தது. அவ்விமானம் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கிச் சென்னைக்குச் சென்றது.

பின்னர் ஜெற் விமானங்களின் காலம் பிறந்தது. அவற்றுக்கு நீண்ட ஓடுபாதை தேவைப்பட்டது. இரத்மலானையின் ஓடுபாதையோ ஏறத்தாழ 1,800 மீற்றர் நீளமே உடையது. அதனை நீட்டுவதென்றால், ஒரு முனையில் காலி வீதி குறுக்கிடுகின்றது. மறு முனைக்கு அப்பால் சதுப்பு நிலமும் நீர்நிலைகளும் கிடக்கின்றன. சுற்றிவரக் குடிமனைகளும் பெருகிவிட்டன. ஆகவே, பிரித்தானியர் போர்க்காலத்தில் அமைத்த கட்டுநாயக்கா நிலையம், 1960களில் கனடாவின் உதவியுடன் விருத்தி செய்யப்பட்டது. 3,350 மீற்றர் ஓடுபாதை கொண்ட அந்நிலையத்துக்குச் சர்வதேச சேவைகள் இடம்பெயர்ந்தன.

அதன் பின்னரும் இரத்மலானையைப் புனரமைக்கும் எண்ணம் மறையவில்லை. அயல் நாடுகளுக்குச் செல்லும் சிறு விமானங்களுக்கும், உள்நாட்டுச் சேவைக்கும் நகரையடுத்த நிலையமே ஏற்றதென்பது அதனை ஆதரிப்போர் வாதம். அவ்வாதத்தில் நியாயமுண்டு. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியின் பின், 2022 மார்ச் 27இல் மாலைதீவுச் சேவை இங்கு தொடங்கியபோது, அதற்கு ஓடுபாதையை நீட்ட வேண்டியிருக்கவில்லை.

நிலத்தின் எல்லையை மீற முயலும் திட்டத்தின் செலவோ வேறு வகையானது. அயலிலுள்ள பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலம் 1990இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. மழைக்காலத்தில் வெள்ளத்தைத் தாங்கி நகரைக் காப்பதும் அத்தகைய நிலங்களே. அவற்றை மேடாக்கினால், தடைப்பட்ட நீர் ஏழைகளின் இல்லங்களையே முதலில் நாடும்.

விமானம் வானிற் பறப்பினும் அதன் நிலையம் மண்ணிலேயே அமைகின்றது. அம்மண்ணின் அளவையும், அதிற் குடியிருப்போர் நலனையும் முன்வைத்து வகுக்கப்படும் திட்டமே நிலைபெறும்.