லினக்ஸ் மென்பொருட் புதுக்கம்: சாளரமும் கட்டளையும்

திருமுதுகுன்றம் என்பது விருத்தாசலத்தின் பழம்பெயர். அவ்வூர்த் திருக்கோயில், பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உத்தம சோழனின் அன்னையாராகிய செம்பியன் மாதேவியாரால் கற்றளியாகப் புதுக்கப்பெற்றது என்பது வரலாற்றறிஞர் நன்கறிந்த செய்தி. அவ்வரசியார் திருக்கோடிகாக் கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழைய கட்டடத்துக் கல்வெட்டுக்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். எதனை மாற்றுவது, எதனைக் காப்பது, மாற்றியவர் யாரென்பதை எங்கே எழுதிவைப்பது என்னும் மூன்று வினாக்களும் எல்லாப் புதுக்கங்களுக்கும் உரியன. இக்காலத்துக் கணிப்பொறியில் நிகழும் புதுக்கமொன்றை இவ்வினாக்களைக் கொண்டே ஆராய யாம் விழைகின்றோம்.

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் மென்பொருள்கள் பொதிகளாக வழங்கப்பெறுகின்றன. அப்பொதிகளைப் புதுக்குதற்கு வழிகள் இரண்டு. முனையத்தில் கட்டளையைத் தட்டெழுதி ஏவுதல் ஒன்று. திரையில் தோன்றும் சாளரத்தில் பெயர்களைக் குறித்துப் பொத்தானை அழுத்துதல் மற்றொன்று. முன்னது வல்லார்க்கும் பின்னது கற்குநர்க்கும் உரியது என்றும், நாளடைவில் பின்னது முன்னதை அகற்றிவிடும் என்றும் கூறுவார் உளர். தமிழ்நாட்டு வரலாற்றை நோக்குமிடத்து இக்கூற்றுப் பொருந்துமாறில்லை. இங்கு அவ்விரண்டும் ஒன்றையொன்று வேண்டியே நின்றன. அதற்குத் தலையாய காரணம் தமிழெழுத்தின் இயல்பே என்பது எம் துணிபு.

முதற்கண் கருவிகளின் தோற்றத்தைச் சுருங்கக் காண்போம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கருவை அறிவித்தார். இயான் மர்டாக் 1993இல் டெபியன் என்னும் வழங்கலைத் தொடங்கினார். பொதிகளை நிறுவும் 'டிபிகேஜி' என்னும் கருவி 1994 அளவில் நிலைபெற்றது. ஒரு பொதி வேறு பொதிகளைச் சார்ந்திருக்குமாயின் அவற்றையும் தேடிக் கொணரும் 'ஆப்ட்' 1998இல் தோன்றி, 1999இல் வெளிவந்த டெபியன் 2.1 பதிப்பில் இடம்பெற்றது. 'சைனாப்டிக்' என்னும் சாளரக் கருவி 2001 அளவில் பிரேசில் நாட்டுக் கொனெக்டிவா நிறுவனத்தில் உருவாயிற்று. சைனாப்டிக் தனக்கெனப் புதியதொரு நிறுவுமுறையைப் படைத்துக்கொள்ளவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஆப்ட் கருவியின் உள்ளுறுப்புக்களையே அது தன் அடித்தளமாகக் கொண்டது. பொத்தானை அழுத்துவோரும் கட்டளையைத் தட்டுவோரும் இறுதியில் டிபிகேஜியிடமே வந்து சேர்கின்றனர்.

பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற விருத்தாசலத்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. அச்சில் வார்த்த பொம்மையும் சக்கரத்தில் வனைந்த கலமும் வெவ்வேறு கைகளில் உருப்பெறினும் ஒரே சூளையில் வேகின்றன. சூளையில் நேரும் வெடிப்பை அச்சின் குறையென்றோ சக்கரத்தின் குறையென்றோ கூறுதல் கூடாது. சாளரத்தில் தோன்றும் பிழைகள் பலவற்றைச் சாளரத்தின் பிழையாகக் கருதுவோர் இச்சூளையை மறந்தோராவர்.

இனித் தமிழ்நாட்டிற்கு வருவோம். 2006, 2007ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு மின்னணுக் கழகமாகிய எல்காட், தன் அலுவலகக் கணிப்பொறிகளைச் சூசே லினக்ஸிற்கு மாற்ற முற்பட்டது. சூசேயின் ஆளுகைக் கருவி 'யாஸ்ட்' எனப்படும். அதற்கு முகங்கள் இரண்டு. வரைகலைத் திரை உள்ளவிடத்துச் சாளரமாகவும், அஃது இல்லாதவிடத்து எழுத்துக்களாலேயே வரைந்த கட்டங்களாகவும் அது தோன்றும். இரண்டும் ஒன்று போல்வனவே எனப் பொதுவிற் கூறலாம். ஆங்கிலம் அறிந்தார்க்கு அது பொருந்தும். தமிழில் வேண்டுவார்க்கு அங்ஙனம் அன்று. அதன் காரணம் விரிவாக ஆராயத்தக்கது.

வரைகலை சாராத லினக்ஸ் முனையத்தில் ஓர் எழுத்துருவுக்கு 256 அல்லது 512 வடிவங்களே இடம்பெறக் கூடும். தமிழ் நெடுங்கணக்கின் எழுத்துக்களோ 247 எனின், 512இல் அவை அடங்குமன்றோ என ஒருவர் வினவக்கூடும். தடை எண்ணிக்கையில் இல்லை. யூனிகோடு முறையில் உயிர்மெய், மெய்க்குரிய வடிவும் அதன்பின் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுகின்றது. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும் என்னும் தொல்காப்பிய நூன்மரபுக் கருத்தோடு இது முற்றும் இயைகின்றது. ஆயின் நாம் எழுதும் வடிவம் ஒலிமுறையைப் பின்பற்றவில்லை. 'கெ' என்பதன் கொம்பு ககரத்திற்கு முன்னே நிற்கின்றது. 'கொ' என்பதில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கின்றது. ஆகவே சேமித்த வரிசையைத் திரையில் மாற்றியமைத்துக் காட்டும் பொறி ஒன்று வேண்டும். அப்பொறி வரைகலைச் சூழலில் இருந்தது, முனையத்தில் இல்லை. ஒவ்வொரு குறியீட்டிற்கும் ஒரே அகலமுள்ள கட்டத்தை ஒதுக்குவது முனையத்தின் மரபு. அக்கட்டத்துள் 'ணௌ' என்பதை அடக்க முயல்வார் படும் இடர் சொல்லாமலே விளங்கும். சாளரத்துள் திறக்கப்படும் முனையங்களிலும் இவ்விடர் நெடுங்காலம் நீடித்தது.

இதற்குச் சான்றாக 2007 ஏப்ரலில் வெளிவந்த டெபியன் 4.0 பதிப்பைக் காட்டலாம். அப்பதிப்பிலேதான் நிறுவுகருவிக்கு வரைகலை வடிவம் முதன்முதலாக வழங்கப்பெற்றது. எழுத்து வடிவ நிறுவலில் காட்ட இயலாத மொழிகள் சில அவ்வரைகலை வடிவத்தில் மட்டுமே இடம்பெற்றன; அவற்றுள் தமிழும் ஒன்று. இந்தி, வங்காளம், மலையாளம், தாய்லாந்து மொழி ஆகியவற்றுக்கும் நிலை அதுவே. ஆங்கிலம் பேசுவார்க்குச் சாளரம் ஒரு வசதி. தமிழர்க்கோ அது தாய்மொழி நுழைந்த ஒரே வாயில். இவ்வேறுபாட்டைக் கணிப்பொறி வரலாறு எழுதுவோர் கருதாது விடுதல் பெருங்குறை என்போம்.

எனினும் சாளரம் ஒன்றே போதியதாயிற்றோ எனின், இல்லை. சென்னையில் சி-டாக் நிறுவனமும், அண்ணா பல்கலைக்கழகத்துக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் இணைந்து கட்டற்ற மென்பொருள்களுக்கான தேசிய வள மையத்தை 2005இல் நிறுவின. அம்முயற்சியின் பயனாக, 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கமாகிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் வழங்கல் 2007இல் வெளிவந்தது. அது டெபியன் வழியினது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்குவது. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அக்கணினிகளில் வைக்கப்பெற்றது. அரசு மேனிலைப் பள்ளிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் பயின்ற மாணாக்கர் கைகளுக்கு லினக்ஸ் இங்ஙனம் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பியின் பாதுகாப்புப் புதுக்கங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு நிறுத்தப்பட்டபோது, தமிழக அரசு தன் துறைகளையும் பாஸ் லினக்ஸை நோக்கச் சொல்லிற்று.

வழங்கியது அரசு, புதுக்கும் பொறுப்போ ஒவ்வொரு மாணாக்கரையும் சேர்ந்தது. அக்காலத் தமிழகத்தின் நிலையையும் உடனெண்ணல் வேண்டும். 2012ஆம் ஆண்டில் மாவட்டங்களில் நீண்ட மின்வெட்டு நிலவியது. பொதிகளை விரித்து நிறுவும் வேளையில் கணினி நின்றுவிடுமாயின், சில பொதிகள் பாதி நிறுவப்பட்ட நிலையிலே கிடக்கும். பின்னர்ச் சாளரக் கருவியைத் திறப்பின் அது புதுக்க மறுத்து, டிபிகேஜி இடையில் தடைப்பட்டதென்றும், 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' என்னும் கட்டளையைக் கையால் இடுக என்றும் அறிவிக்கும். சாளரமே கட்டளைக்கு ஆற்றுப்படுத்தும் இக்காட்சி சுவையுடையது. தமிழ்ச் சாளரத்தில் நுழைந்தவர் உரோமன் எழுத்துக் கட்டளையின் வாயிலில் கொண்டு நிறுத்தப்படுகின்றார்.

மற்றோரிடத்தும் இச்சந்திப்பு நிகழ்கின்றது. பயன்படுத்துவோர் தம் விருப்பப்படி மாற்றிய அமைப்புக் கோப்பு ஒன்றன் புதிய வடிவம் பொதியுடன் வருமாயின், பழையதைக் காப்பதா, புதியதை ஏற்பதா என டிபிகேஜி வினவும். விடை கூறாவிடின் பழையதைக் காப்பதே அதன் இயல்பு. இவ்வினா சைனாப்டிக்கின் உள்ளே பொதிந்துள்ள சிறு முனையத்தில் தோன்றுவதுண்டு. அச்சிறு முனையம் மூடியிருக்குமாயின் புதுக்கம் நின்றுவிட்டதென மயங்குவார் பலர். அதனைத் திறந்து பார்க்கக் கற்றவரே இரு முறைகளையும் உடன்பயன்படுத்தக் கற்றவராவர். எந்தெந்தப் பொதிகள் மாறும் என்பதைச் சாளரத்தில் விளக்கமாகக் கண்டு தெரிந்துகொண்டு, தடை நேர்ந்துழிக் கட்டளையால் நீக்கி, மீண்டும் சாளரத்தில் சரிபார்ப்பது அன்னார் வழக்கம். ஒன்று திறந்திருக்கும்போது மற்றொன்று இயங்காது. தரவுத்தளத்திற்குப் பூட்டு ஒன்றே ஆதலின் ஒருவர் பின் ஒருவராகவே நுழைதல் வேண்டும்.

பூட்டு ஒன்றாயினும் குறிப்பேடுகள் யாவும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிச் செல்லுதல் கடன். ஒரு பொதியைப் புதுக்காமல் நிறுத்திவைக்கச் சைனாப்டிக்கில் ஒரு வழியும், 'ஆப்ட்-மார்க் ஹோல்டு' என்னும் கட்டளையில் வேறொரு வழியும் உண்டு. முன்னது தன் குறிப்பைத் தனிக்கோப்பில் எழுதிக்கொள்ளும். அதனை ஆப்ட் கட்டளை நோக்குவதில்லை. ஆகவே சாளரத்தில் நிறுத்திவைத்த பொதி கட்டளையாற் புதுக்கப்பட்டுவிடும். இருமுறைகளும் எவ்விடத்தும் ஒன்றே என்பாரும் இதனை நினைவிற் கொள்க.

சொல்லாட்சியைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். ஆப்ட் கருவியில் 'அப்டேட்' என்பது எந்த மென்பொருளையும் மாற்றுவதன்று. வழங்கலகத்தில் உள்ள பொதிகளின் பட்டியலை மட்டும் புதிதாகக் கொணர்வது. மென்பொருளை மாற்றுவது 'அப்கிரேட்'. தமிழில் 'இற்றைப்படுத்தல்' என்னும் சொல் இவ்விரண்டிற்கும் கலந்து வழங்குகின்றது. இற்றை என்பது இன்றைய நாளைக் குறிக்கும் நல்ல பழஞ்சொல்லே. எனினும் முதற்கட்டளையை மட்டும் இட்டுவிட்டுத் தம் கணினி புதுக்கப்பட்டதென அமைந்துவிடும் மயக்கம் இச்சொற்கலப்பால் வலுப்பெறுகின்றது. முன்னதைப் 'பட்டியற் புதுக்கம்' என்றும் பின்னதைப் 'பொதிப் புதுக்கம்' என்றும் வழங்கின் இடர் நீங்கும் என்பது எம் கருத்து. சாளரக் கருவிகள் பல இரண்டையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுதலின் அங்கு இம்மயக்கத்திற்கு இடமில்லை. சொல்லைச் செம்மைசெய்யாதவிடத்துச் சாளரம் ஓரளவு ஈடுசெய்தது எனலாம்.

இறுதியாக ஆவணத்தைக் காண்போம். டெபியன் வழிக் கணினிகளில் 'வார்' அடைவின் 'லாக்' என்னும் பகுதியுள், ஆப்ட்டின் வரலாற்றுப் பதிவேடு உள்ளது. ஒவ்வொரு பதிவும் தொடங்கிய நாளும் நேரமும், ஏவிய கட்டளை, நிறுவிய அல்லது புதுக்கிய பொதிகளின் பெயர், அவற்றின் பழைய எண்ணும் புதிய எண்ணும், முடிந்த நேரம் என்னும் முறையில் அமைந்திருக்கும். பிற்காலப் பதிப்புகளில் வேண்டியவர் பெயரும் சேர்ந்தது. ஆட்சியாண்டு, கொடையாளர், கொடைப்பொருள் என வரும் கல்வெட்டமைப்பை இஃது ஒத்திருத்தல் காண்க. முனையத்தில் ஏவியதாயின் தட்டெழுதிய கட்டளையே அப்படியே பொறிக்கப்படும். 'ஆப்ட்டீமன்', 'பேக்கேஜ்கிட்' முதலிய இடைக்கருவிகளின் வழியே சாளரத்திலிருந்து வந்ததாயின் அவ்விடைக்கருவியின் பெயர் நிற்கும். எனவே ஒரு கணினியை வைத்திருந்தவர் எந்நாளில் எம்முறையைக் கையாண்டார், எப்போது ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாறினார் என்பதை வரிவரியாகப் படித்தறிதல் கூடும். இருமுறைகளின் உடனாட்சியை ஆராய்வார்க்கு இதனினும் நேரிய சான்று பிறிதில்லை.

ஆயின் இப்பதிவேடு திங்கள்தோறும் புதிய ஏட்டிற்கு மாற்றப்படும் என்பதும், இயல்பான அமைப்பில் பழைய ஏடுகள் பன்னிரண்டே காக்கப்படும் என்பதும் ஆய்வாளர் அறியவேண்டுவன. திருக்கோடிகாவில் நிகழ்ந்தது போலப் பழம்பதிவைப் படியெடுத்துவைக்கும் வழக்கம் இங்கில்லை. தொடர்ந்து இயங்கிவந்த கணினிகளில் 2011 முதல் 2014 வரையிலான வரிகள் என்றோ அழிந்திருக்கும். சில ஆண்டுகள் பயன்படுத்திப் பின் மூடிவைக்கப்பட்ட மடிக்கணினிகளில் மட்டும், ஏடு மாற்றும் பணி நின்றுபோனமையால், இறுதி ஓராண்டின் பதிவுகள் எஞ்சியிருத்தல் கூடும். 'டிபிகேஜி' அடைவிலுள்ள பொதிப் பட்டியற் கோப்புக்களின் நாட்குறிப்பைக் கொண்டு, ஒவ்வொரு பொதியும் கடைசியாகப் புதுக்கப்பட்ட நாளையும் அறியலாம். அத்தகைய பழைய கணினி ஒன்றை இயக்க முற்படுவோர், வழக்கமான பணிகள் தொடங்கி ஏடுகளை மாற்றும் முன்னரே, வட்டைத் தனியே எடுத்து அப்பதிவுகளைப் படியெடுத்துக்கொள்ளுதல் வேண்டும்.