தடித்த அட்டையில் அச்சடிக்க வீட்டு பிரிண்டர்: பணம் கொடுக்கும் முன் எதைப் பார்க்கணும்?

கேமரன் மலை கியா பார்ம் சந்தையில் ஜாம் பாட்டில், தேயிலைப் பொட்டலம், பூங்கொத்து எதை விற்றாலும், அதோடு பெயர் அச்சடித்த ஒரு சின்ன அட்டையைக் கட்டிக் கொடுத்தால் பொருளுக்கே தனி மதிப்பு வந்துவிடும். பொங்கல், தீபாவளி நேரத்தில் வாழ்த்து அட்டை, கல்யாண வீட்டுக்குப் பெயர் அட்டை என்று வேலையும் வரும். "ஒரு பிரிண்டர் வாங்கிட்டா வீட்டிலிருந்தே செய்யலாமே" என்று தோன்றுவது இயல்புதான்.

சிக்கல் பிரிண்டர் வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கும். அட்டை பாதி வழியில் சிக்கும். வளைந்து வெளியே வரும். மை காயாமல் விரலில் ஒட்டும். ஜாம் பாட்டிலுக்கு அட்டை அடிக்கப் போய் பிரிண்டரே 'ஜாம்' ஆகி நிற்கும்.

மையைத் தொட்டியில் ஊற்றும் சாதாரண டாங்க் பிரிண்டரே 500, 600 ரிங்கிட் வாக்கில்தான் தொடங்குகிறது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். எஸ்டேட் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்கு, மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் போகிறது. அதனால் கடைக்குப் போகும் முன்பே சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் உங்கள் அட்டையை நிறுத்துப் பாருங்க

காகிதத்தின் கனத்தை 'ஜிஎஸ்எம்' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. போட்டோகாப்பி தாள் 70 அல்லது 80 ஜிஎஸ்எம். வாழ்த்து அட்டை, பொருளில் கட்டும் அட்டை எல்லாம் பெரும்பாலும் 200 முதல் 300 வரை.

கடையில் உதிரியாக வாங்கிய மணிலா அட்டையில் இந்த எண் இருக்காது. அதனால் என்ன, வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். 16 ஏ4 தாள்களைச் சேர்த்தால் சரியாக ஒரு சதுர மீட்டர். ஆக, உங்கள் அட்டையை ஏ4 அளவில் வெட்டி, 16 துண்டுகளைத் தராசில் வையுங்கள். 250 கிராம் காட்டினால் அது 250 ஜிஎஸ்எம் அட்டை. எட்டுத் துண்டுதான் இருக்கிறதா? எடையை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். காய்கறி நிறுக்கும் டிஜிட்டல் தராசே போதும், கியா பார்மில் அதற்குப் பஞ்சமில்லை.

எடையோடு தடிமனையும் பாருங்கள். பத்து அட்டைகளை அடுக்கி, அழுத்திப் பிடித்து, ரூலரால் அளந்து பத்தால் வகுத்தால் போதும். 250 ஜிஎஸ்எம் அட்டை சுமார் 0.3 மில்லிமீட்டர் இருக்கும். ஒரே ஜிஎஸ்எம்மில் வழவழப்பான அட்டை மெல்லிசாகவும், சொரசொரப்பான கைவினை அட்டை தடிப்பாகவும் இருப்பதுண்டு. பிரிண்டருக்குள் சிக்குவது தடிமனாலும் விறைப்பாலும்தானே தவிர எடையால் இல்லை.

பெட்டியில் '300 ஜிஎஸ்எம்' என்று போட்டிருக்கே?

பலரும் ஏமாறுவது இங்கேதான்.

பிரிண்டரின் விவரப் பட்டியலைப் பொறுமையாகப் படித்தால் இரண்டு வரிகள் தெரியும். ஒன்று சாதாரணத் தாளுக்கு. அது பல மாடல்களில் 90 அல்லது 105 ஜிஎஸ்எம்மோடு நின்றுவிடும். மற்றது புகைப்படத் தாளுக்கு. அங்கேதான் 300 என்ற எண் வரும். அந்த 300 பெரும்பாலும் அதே நிறுவனம் விற்கும் புகைப்படத் தாளுக்கு மட்டும் சொல்லப்பட்டது. உங்கள் மணிலா அட்டைக்கு யாரும் அந்த உறுதியைக் கொடுக்கவில்லை.

அதற்காக ஓடவே ஓடாது என்று அர்த்தமில்லை. பல பிரிண்டர்கள் சொன்ன அளவைத் தாண்டியும் அட்டையை இழுக்கும். ஆனால் அது ஓடினால் லாபம், சிக்கினால் உங்கள் பாடு. நிறுவனம் பொறுப்பேற்காது.

அட்டை எந்த வழியாகப் போகிறது?

கடையில் நிற்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி என்றால் இதுதான். பிராண்டு, விலை எல்லாம் பிறகு.

சில பிரிண்டர்களில் தாளை முன்பக்கம், அடியில் உள்ள தட்டில் வைக்கிறோம். உள்ளே போன தாள் ரோலரைச் சுற்றி 'யு' வடிவில் திரும்பி, முன்பக்கமே வெளியே வரும். 80 ஜிஎஸ்எம் தாளுக்கு அது ஒன்றுமில்லை. விறைப்பான அட்டை அந்த வளைவில் ஒன்று சிக்கும், இல்லையென்றால் சுருண்டு வரும்.

தாளைப் பின்பக்கம் மேலே செங்குத்தாக நிறுத்தும் பிரிண்டர்களில் வளைவு மிகக் குறைவு. அட்டை சரிந்து இறங்கி முன்னால் வந்துவிடும். கேனன், எப்சன் நிறுவனங்களின் விலை குறைந்த டாங்க் மாடல்கள் பலவற்றில் இந்த அமைப்பு இருக்கிறது. பிரதரின் சில மாடல்களில் முன் தட்டோடு, பின்னால் ஒரு தாள் மட்டும் செருகும் துளையும் உண்டு. பார்க்க நவீனமாக, அடக்கமாக இருக்கும் முன் தட்டு மாடலைவிட, பழைய பாணியில் பின்னால் தாள் நிற்கும் மாடல்தான் அட்டை வேலைக்கு ஏற்றது.

முழுக்க நேராகவே அட்டையை அனுப்பும் பிரிண்டரும் வீட்டு ரகத்தில் உண்டு. எப்சன் இடி-8550 பின்பக்க நேர்வழியில் 1.3 மில்லிமீட்டர் தடிமன் வரை ஏற்கும். ஆனால் அதன் விலை ஆயிரக்கணக்கான ரிங்கிட். கைவினையே தொழிலாக ஆன பிறகு யோசிக்க வேண்டிய பொருள் அது.

இரு பக்கமும் தானாக அச்சடிக்கும் வசதியை நம்பி அதிகப் பணம் கொடுக்காதீர்கள். அதற்கு அட்டை உள்ளே திரும்பி வளைய வேண்டும். தடித்த அட்டைக்கு அது பயன்படாது. கையால் திருப்பித்தான் போட வேண்டும்.

லேசர் வாங்கலாமா?

லேசர் பிரிண்டர் டோனர் பொடியைச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டுகிறது. தடித்த அட்டை அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் பொடி சரியாக ஒட்டாது, மடிக்கும் இடத்தில் உதிரும். பல வீட்டு லேசர் மாடல்களின் எல்லை 163 ஜிஎஸ்எம்தான். இங்க்ஜெட்டுக்கான பளபளப்பான புகைப்படத் தாளைத் தப்பித் தவறியும் லேசருக்குள் போட்டுவிடாதீர்கள். அதன் மேல்பூச்சு உருகி உள்ளே ஒட்டிக்கொண்டால் பழுதுபார்க்கும் செலவு பெரிதாகிவிடும்.

அப்படியென்றால் இங்க்ஜெட்தான். ஆனால் அதற்கும் ஒரு கண்டிஷன். கடையில் மலிவாகக் கிடைக்கும் பளபள 'ஆர்ட் கார்டு' பெரிய அச்சகங்களுக்கானது. இங்க்ஜெட் மை அதில் ஊறாது. மணிக்கணக்கில் ஈரமாகவே நின்று, தொட்டால் இழுபடும். 'இங்க்ஜெட்' என்று குறிப்பிட்ட மேட் அட்டையோ, பூச்சு இல்லாத சாதாரண அட்டையோதான் சரி. சாதாரண அட்டையில் நிறம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தலைவலி

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், மூடுபனி, அடிக்கடி மழை. காகிதத்துக்கு இந்தக் காற்று ஆகாது. அது ஈரத்தை உறிஞ்சி ஓரங்களில் வளையும். வளைந்த அட்டையின் முனை பிரிண்டர் தலையில் உரசி மைக்கோடு விழும். அட்டைக் கட்டை முழுசாகப் பிரித்து வைக்காமல், வேண்டியதை மட்டும் எடுத்து, மீதியைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். வளைந்துவிட்டால் கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு.

மையையும் கவனிக்கணும். 'டை' வகை மை தண்ணீர் பட்டால் கரையும். 'பிக்மென்ட்' வகை தாக்குப்பிடிக்கும். பல டாங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், வண்ணங்கள் எல்லாம் டை. திறந்த கடையில், கழுவிய ஸ்ட்ராபெரி பக்கத்தில் தொங்கப் போகும் அட்டை என்றால் பெயரையும் விலையையும் கறுப்பில் அடிப்பது பாதுகாப்பு.

வாங்குவதற்கு முன்னும் பின்னும்

உங்கள் அட்டையில் ஐந்தாறு துண்டு கையோடு எடுத்துப் போங்கள். காட்சிக்கு வைத்த பிரிண்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிரிஞ்சாங், தானா ராத்தாவில் அந்த மாடல் இல்லாமல் ஈப்போவுக்கு இறங்க வேண்டியிருந்தால் இன்னும் கட்டாயம் செய்யுங்கள். சிக்கிய பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு மறுபடி மலையிறங்குவது சாதாரண வேலையா?

எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: "250 ஜிஎஸ்எம் அட்டையில் அச்சடிக்க வேண்டும், இந்த மாடல் ஏற்குமா?" பதிலைப் பத்திரப்படுத்துங்கள். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் தெரிவித்த தேவைக்குப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும். கடைக்காரர் கைவிரித்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் புகார் பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிரிண்டர் அமைப்பில் 'சாதாரணத் தாள்' என்பதை 'மேட்' அல்லது 'தடித்த தாள்' என்று மாற்றுங்கள். இதைச் செய்யாமல் பிரிண்டரைத் திட்டுபவர்கள் நிறையப் பேர். அமைப்பை மாற்றினால் பல மாடல்கள் மெதுவாக அடிக்கும், மைத்தலைக்கும் அட்டைக்கும் நடுவே இடைவெளியும் கூடும். அட்டையை ஒவ்வொன்றாகப் போடுங்கள். மினுமினுப்புத் தூள் ஒட்டிய அட்டை வேண்டவே வேண்டாம், உதிரும் தூள் ரோலரைக் கெடுத்துவிடும்.

வருஷத்துக்கு இரண்டு பண்டிகைக்கு மட்டும் ஐம்பது, நூறு அட்டை என்றால் பிரிண்டர் வாங்காமல் அச்சுக் கடையில் கொடுப்பதே மலிவு. ஏற்கெனவே வீட்டில் ஒரு பிரிண்டர் இருந்தால் ஸ்டிக்கர் தாளில் அச்சடித்து, வெட்டி, தடித்த அட்டையில் ஒட்டிப் பாருங்கள். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வாங்கியே தீருவது என்றால், விற்பனை இல்லாத மாதங்களிலும் வாரத்துக்கு ஒரு வண்ணப் பக்கம் அடித்துக்கொண்டே இருங்கள். மை காய்ந்து தலை அடைத்துக்கொண்டால் தீபாவளிக்கு முந்தின வாரம்தான் அது தெரியவரும்.