சத்தி குறைந்தது, ஓங்காளம் சொல்லப்படவில்லை



"கீமோ ஏற்றினால் சத்தி எடுத்தே ஆள் முடிந்துவிடும்" என்று எமது பெரியவர்கள் சொல்வதை இன்றும் கேட்கிறேன். அது வெறும் பயமல்ல, ஒரு காலத்து உண்மை. அந்தக் காலம் எப்படி மாறியது என்பதே இம்மாத உரை.

1965இல் அமெரிக்க விஞ்ஞானி பார்னெட் ரோசன்பேர்க், பிளாட்டினச் சேர்வைகள் பக்டீரியாக்கள் பெருகுவதைத் தடுப்பதைக் கண்டார். அதன் வழியே வந்த சிஸ்பிளாட்டின் என்ற மருந்து 1978இல் அங்கு அனுமதி பெற்றது. உடலெங்கும் பரவிய விதைப் புற்றுநோயைக்கூட அது குணப்படுத்தியது. இந்நோய் உலகில் மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளில் நோர்வேயும் ஒன்று. 1981இல் நோர்வே, சுவீடன் மருத்துவர்கள் இதற்கெனக் கூட்டுத் திட்டமொன்றைத் தொடங்கினார்கள்.

ஆனால் தடுப்பு மருந்தின்றி சிஸ்பிளாட்டின் ஏற்றினால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் சத்தி எடுப்பார்கள். குணமாகக்கூடிய சிலர்கூடத் தாங்கமுடியாமல் சிகிச்சையைப் பாதியில் விட்டார்கள்.

1981இல் ரிச்சார்ட் கிரல்லா குழுவினர், மெற்றோகுளோப்பிரமைட் மருந்தைப் பெரிய அளவில் கொடுத்துச் சத்தியைக் குறைக்கலாம் என்று காட்டினார்கள். பின்னர் காரணமும் தெளிவானது. கீமோ மருந்து பட்டதும் குடற்சுவரின் கலங்கள் செரோட்டொனினை வெளிவிடுகின்றன. அது நரம்பைத் தூண்ட, மூளை சத்திக்குக் கட்டளையிடுகிறது. அந்த வழியை அடைக்கும் ஒன்டன்செற்றன் 1990களின் தொடக்கத்தில் பரவலாகப் பாவனைக்கு வந்தது. 2003இல் அப்ரெபிட்டன்ற் சேர்ந்தது. இவற்றைச் சிகிச்சைக்கு முன்பே கொடுப்பதால் இன்று பெரும்பாலானோர் சத்தி எடுப்பதில்லை.

சத்தியைக் கண்ணால் காணலாம், எண்ணலாம். ஓங்காளத்தை யாரும் காணமுடியாது. நோயாளி சொன்னால்தான் தெரியும். 1993இல் வெளியான ஐரோப்பிய வினாக்கொத்து ஒன்று, முப்பது கேள்விகளில் இவ்விரண்டையும் தனித்தனியே கேட்டது. அதை உருவாக்கியோரில் ஒருவர், எமது துரொண்ட்ஹெய்மில் நீண்டகாலம் பேராசிரியராக இருந்த ஸ்டைன் கோசா. 2016இல் ஒலன்சபீன் மருந்தை ஆராய்ந்தவர்களும் ஓங்காளம் நின்றதா என்பதையே முதலில் பார்த்தார்கள். நின்றவர்கள் கூடினார்கள்.

நாங்களோ தாதி கேட்டால் "தெ கோர் ப்ரா" என்று சொல்லிவிட்டு வருகிறோம். போரையும் அகதி வாழ்வையும் தாங்கியவர்களுக்கு இதையும் தாங்குவது பெரிதாகத் தெரியாது. நான் துணைக்குப் போன இடங்களில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சாப்பாடு இறங்காமல் மெலிந்தபடியே, பரவாயில்லை என்பார்கள்.

ஓங்காளம் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைகூட வரும். அப்போது நாங்கள் வீட்டில் இருப்போம். ஆகவே நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். அடுத்த முறை ஏற்றுவதற்கு முன் காட்டுங்கள். மருந்தை மாற்ற வழியுண்டு. நோர்வேஜிய மொழியில் ஓங்காளத்துக்கு "க்வல்மெ", சத்திக்கு "ஒப்காஸ்ட்". மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளைகளை அந்த வேலைக்கு வைப்பதை 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டம் பொதுவாகத் தடுக்கிறது.

மருந்து இருக்கிறது, நேயர்களே. கேட்பதற்குத்தான் வாய் திறக்கவேண்டும்.