குளிர்கால வயல்வெளியில் பறவைகளைப் படம் எடுக்க எவ்வளவு அருகே போகலாம்?

டெல்லி, நொய்டா, குருகிராம் பக்கம் வேலை பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் டிசம்பர் பாதியிலேயே ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்பில் படங்கள் வர ஆரம்பித்திருக்கும். பனிமூட்டத்தில் ஒரு சாரஸ் கொக்கு ஜோடி, பின்னால் மஞ்சள் மஞ்சளாகக் கடுகு வயல். நாமும் ஒரு சனிக்கிழமை போய்வரலாமே என்று தோன்றுவது இயல்புதான். தாராளமாகப் போகலாம். ஆனால் போனவுடன் முதலில் வரும் கேள்வி லென்ஸைப் பற்றியது அல்ல, தூரத்தைப் பற்றியது.

டிசம்பர் 21 வாக்கில் டெல்லியில் பகல் வெளிச்சம் சுமார் 10 மணி 20 நிமிடம்தான். பகலில் இரை தேடும் பறவை அதற்குள் சாப்பிட்டு, பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலான குளிர் இரவைத் தாண்ட வேண்டும். நாம் நெருங்கி அது ஒருமுறை எழுந்து பறந்தால் இரண்டு நஷ்டம்: மேய்ச்சல் நின்றுபோகிறது, சேர்த்த சக்தியும் செலவாகிறது. ஒருவர் செய்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரே குளத்தங்கரைக்குக் காலையிலிருந்து இருபது பேர் வந்து, ஆளுக்கு ஒருமுறை பறக்கவிட்டால் கணக்கு வேறு.

சாரஸ் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பறக்கும் பறவைகளிலேயே உயரமானது இது. ஆறடி வரை நிற்கும். உத்தரப் பிரதேசத்தின் மாநிலப் பறவை. மழைக்காலத்தில் பொரித்த குஞ்சு குளிர்காலம் முழுக்கப் பெற்றோருடனேயே திரியும். வளர்ந்த பறவைக்குத் தலையும் மேல்கழுத்தும் சிவப்பு, குஞ்சுக்குச் செம்பழுப்பு. மூன்று பறவைகள் தெரிந்தால் அது குடும்பம். குஞ்சுக்கும் பெற்றோருக்கும் நடுவில் உள்ள வரப்பில் மட்டும் நுழையாதீர்கள். ஜோடியாக அலகை உயர்த்திக் குரல் எழுப்புவதை ‘காதல் நடனம்’ என்று கேப்ஷன் போடுகிறோம். ‘இது எங்கள் இடம்’ என்ற எச்சரிக்கையாகவும் அது இருக்கலாம்.

சரி, எவ்வளவு தூரத்தில் நிற்பது? இத்தனை மீட்டர் என்று ஒரே எண் எல்லாப் பறவைக்கும் பொருந்தாது. பறவையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மேய்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறதா? அங்கேயே நில்லுங்கள். மறுபடி குனிந்து மேய ஆரம்பித்தால் சரி. மேயாமல் நடந்து விலகினால், ஏற்கெனவே அதிகமாக நெருங்கிவிட்டீர்கள். பின்வாங்குங்கள். நம் ஊர் ஆள்காட்டிக் குருவி இங்கேயும் உண்டு, பெயருக்கேற்ற வேலையையும் ஒழுங்காகச் செய்யும். அது கத்த ஆரம்பித்தால் வயல் முழுக்க உங்கள் வருகை தெரிந்துவிட்டது என்று அர்த்தம். பத்து நிமிடம் உட்கார்ந்துவிடுங்கள். நேராகப் பறவையை நோக்கி நடப்பதைவிடச் சாய்வாக நடந்து, பிறகு உட்காருவது பலன் தரும். படமும் பறவையின் கண் மட்டத்தில் கிடைக்கும்.

மொபைலில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது வேண்டவே வேண்டாம். போட்டிக்கு இன்னொரு பறவை வந்துவிட்டதாக நினைத்து அது தேடித் தேடி அலையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் உள்ளே போய்ப் படம் எடுக்க, 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவை. பரத்பூர் கேவலாதேவ் போன்ற இடங்களில் வாசலில் வாங்கும் டிக்கெட்டிலேயே அது முடிந்துவிடும். சுமார் 29 சதுர கி.மீ. பரப்புள்ள இந்தப் பூங்கா 1985 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் முதல்முறை போகிறவர்கள் ரிக்‌ஷா எடுப்பது நல்லது. எந்த மரப்பொந்தில் எந்த ஆந்தை தூங்குகிறது என்று ரிக்‌ஷாக்காரர்களுக்கு அத்துப்படி.

பலருக்குத் தெரியாதது இன்னொன்று. சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்கான விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி தேவையில்லை, கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்தாலே சிக்கல். குளிர்காலத்தில் கூடு ஏது என்று கேட்காதீர்கள். பாறு கழுகுகளும் பெரிய ஆந்தைகளும் கூடு கட்டும் பருவமே இதுதான்.

பூங்காவுக்கு வெளியே, உதாரணமாக கிரேட்டர் நொய்டாவை அடுத்த தனௌரி சதுப்புநிலத்தைச் சுற்றி, நீங்கள் நடப்பது பெரும்பாலும் விவசாயிகளின் நிலத்தில். முளைத்து நிற்கும் கோதுமை தூரத்தில் இருந்து புல் மாதிரியே தெரியும். மிதிக்காமல் வரப்பில் நடங்கள். எதிரில் வருபவருக்கு ஒரு ‘ராம் ராம்’ சொல்லிவிட்டுப் போகலாமா என்று கேளுங்கள். நீல்காய் கூட்டத்தைப் பார்த்து நீங்கள் துள்ளிக் குதிக்கும் அதே வயலில், அதை விரட்ட ராத்திரி முழுக்கக் கண்விழித்தவர் அவராக இருக்கலாம்.

வெளிச்சம், பனி, கேமரா

தமிழ்நாட்டில் பழகிய கண்ணுக்கு இங்கே ஒரு போனஸ் உண்டு. டிசம்பர் 21 நண்பகலில் சென்னையில் சூரியன் சுமார் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். டெல்லியில் சுமார் 38 டிகிரிதான். பகல் முழுக்க வெளிச்சம் சாய்வாகவே விழுவதால் மதியம்கூட நிழல்கள் அவ்வளவு கடுமையாக இருக்காது. ஜனவரி தொடக்கத்தில் சூரியன் உதிக்கவே 7.15 ஆகிவிடும். அடர்பனி நாளில் ஒன்பது மணிக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி எக்ஸ்பிரஸ்வேயில் பனிக்குள் ஓட்டுவது பறவையைவிட உங்களுக்குத்தான் ஆபத்து.

பனியில் கேமரா ஏமாறும். வெள்ளைத் திரையைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று முடிவுகட்டி, படத்தைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை +0.7 அல்லது +1 வரை ஏற்றுங்கள். ஆட்டோ ஃபோகஸ் தடுமாறினால் ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, கழுத்தும் பின்னணியும் பிரியும் விளிம்பில் வையுங்கள். பறக்கும் பறவைக்கு 1/1600 நொடி அல்லது அதைவிட வேகம். நிற்கும் சாரஸுக்கு 1/500 போதும். பனி விலகி வெயில் ஏறியதும் தரையிலிருந்து கானல் எழும். தூரத்துப் பறவை மங்கலாக வந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள், 600 எம்எம்மாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது.

என் கருத்தில், பனியும் வயலும் நிறைந்து, ஓரத்தில் சின்னதாக இரண்டு கொக்குகள் நிற்கும் படம்தான் நாளைக்கும் பார்க்கத் தோன்றும். அதற்கு மொபைலே போதும். பைனாகுலரின் கண்வில்லையில் மொபைலை ஒட்டிப் பிடித்தால், அடையாளம் காணும் அளவுக்குக் கிட்டத்துப் படமும் வரும். திரும்பி வந்ததும் சூடான அறையில் கேமரா பையை உடனே திறந்தால் லென்ஸில் நீர்த்துளி படியும். ஒரு மணி நேரம் மூடியே வையுங்கள்.

பதிவேற்றும் முன்

படத்துக்குள் ஜிபிஎஸ் குறியீடு ஒளிந்திருக்கும். ஆந்தை, கழுகு, கூடு ஆகிய படங்களை இன்ஸ்டாகிராமில் லொகேஷனோடு போடாதீர்கள். மாவட்டப் பெயர் போதும். அறிவியல் தளங்களுக்குத் தருவது வேறு விஷயம். ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் இடத்தைச் சுமார் 20 கி.மீ. கட்டத்துக்குள் மங்கலாக்கியே காட்டும். ஈபேர்ட் தளமும் சில இனங்களின் இடத்தை மறைக்கிறது.

அங்கே உங்கள் மங்கலான படத்துக்கும் மதிப்புண்டு. 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் பதிவுகளில் இருந்து உருவானது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்துவருவதாக அது காட்டியது. ஒவ்வொரு பிப்ரவரி நடுவிலும் நான்கு நாள் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி ஈபேர்ட் ஆப்பில் பதிந்தால் உங்கள் பட்டியலும் அதில் சேரும். அபார்ட்மென்ட் பால்கனியில் நின்றும் செய்யலாம்.