தாத்தா எதனால் செத்தார்?

நான் பிறக்கறதுக்கு முன்னாடியே, திண்டிவனம் பக்கத்துக் கிராமத்துல எங்க தாத்தா இருமி இருமியே செத்தார். என்ன நோய்னு எங்கேயும் எழுதி இல்லை. எங்க தொழில்ல இதை 'மிஸ்ஸிங் டேட்டா'ன்னு சொல்லித் தாண்டிடுவோம். டாக்டர் வேந்தன் கஜலட்சுமி தாண்டலை.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டில் பணியாற்றியவர் அவர். 1997-98-இல் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் இறந்தவர்களைப் பற்றிய அவரது ஆய்வுக்காக, பயிற்சி பெற்ற ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள். அவங்க டாக்டர்கள் இல்லை. கடைசி நாட்கள்ல உடம்புக்கு என்ன பண்ணுச்சு, பீடி குடிப்பாரா... வீட்டுக்காரங்க சொன்னதை எழுதிட்டு வந்தாங்க. அதைப் படிச்சு டாக்டர்கள் காரணத்தை முடிவு செஞ்சாங்க. காரணம் தெளிவில்லாத சாவுகள் கிராமப்புறத்தில் 41 சதவீதத்திலிருந்து 26 ஆகக் குறைந்தன. மீதி 26? அது அப்படியேதான் நிற்குது.

ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்டவர்களோடு சேர்ந்து, சென்னையிலும் விழுப்புரத்திலும் இறந்த 43,000 ஆண்களை வேறு 35,000 ஆண்களோடு ஒப்பிட்டு, 2003-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். சிகரெட்னா நுரையீரல் புற்றுநோய்னுதான் இங்கிலாந்து ஆய்வுகள் நமக்குச் சொல்லியிருந்தன. இங்கே முன்னால வந்து நின்றது காசநோய். புகைப்பவர்கள் அதில் சாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட நாலு மடங்குக்கும் மேல். உடம்புக்குள்ள தூங்கிட்டிருக்கிற கிருமியைப் புகை எழுப்பிவிடுது.

போன வாரம் பாட்டிகிட்ட அதே மாதிரி கேள்விகளைக் கேட்டேன்.

"ரத்தமா துப்புவாருப்பா. பீடிக்கட்டு தலைமாட்டுலயே கிடக்கும்."